முதலில் புல், அப்புறம் முயல்: குமரி மாவட்டத்தில் வீட்டுத் தழையில் இறைச்சி முயல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவட்டாறு பக்கம் 30 சென்ட் விளையில் (வீட்டுத் தோட்டத்தில்) பதினோரு வருடமாக முயல் வளர்க்கிறேன். இப்போது எட்டுத் தாய், இரண்டு ஆண். முயல் வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் கூண்டு என்ன விலை, குட்டி எங்கே கிடைக்கும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தழைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், "அதுதான் விளையில் கிடக்கே" என்பார்கள். விளையில் கிடப்பது ஆடி மாதத்தில் கிடக்கும். பங்குனியில் கிடக்காது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு சங்கதியைச் சுற்றித்தான்.

கூண்டு முதலில் வாங்கணுமா, முயல் முதலில் வாங்கணுமா?

இரண்டும் வேண்டாம். எடவப்பாதி மழை (வைகாசி பாதியில் தொடங்கும் பருவமழை) பிடித்ததும் தீவனத்தை நடுங்கள். எட்டொன்பது மாதம் அது வளரட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையும் முடிந்து, மாசி, பங்குனி வெயிலில் உங்கள் விளையில் தினமும் எத்தனை கிலோ தழை வெட்ட முடிகிறது என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். அந்த எடைக்கு எத்தனை முயல் உண்ணுமோ அத்தனைதான் உங்கள் பண்ணை.

கணக்கு இதுதான். மூன்று கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த எடையில் சுமார் 120 கிராம் தீனி வேண்டும். பச்சைத் தழையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே பச்சையாகப் போட்டால் 600, 700 கிராம். பால் கொடுக்கும் தாய் அதில் இரண்டு மடங்கு தின்னும். அதோடு வளரும் குட்டிகள் ஏழு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு மூன்று முதல் நாலு கிலோ போய்விடும்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எக்டருக்கு ஆண்டில் 350 டன்னுக்கு மேல் தரும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது, பாசனமும் உரமும் சரியாகக் கொடுத்த நிலத்துக்கு. சென்ட் கணக்கில் அது நாளுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தென்னை நிழல் விழும் நம் விளையில் பாதி வந்தால் சந்தோஷம். அதனால் ஒரு தாய்க்கும் அதன் குட்டிகளுக்கும் இரண்டு, மூன்று சென்ட் தீவன நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் நிற்கும் மரத்தழை இதற்கு மேல்.

என்னென்ன நடலாம்?

புல்லில் கோ-4, கோ-5 நேப்பியர் நன்றாக வரும். மாட்டுக்கு வெட்டுவதுபோல ஆள் உயரம் விட்டால் முயல் இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும். 30, 35 நாளில், இடுப்புயரத்தில் வெட்டிவிடுங்கள். தென்னைக்கு அடியில் நேப்பியர் மெலியும். அங்கே கினியாப் புல்தான் சரி, நிழலைத் தாங்கும். கரணைக்கு (நடும் தண்டுத் துண்டுக்கு) திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

புல் வயிற்றை நிரப்பும், சதை போடாது. சதைக்குப் புரதம் வேண்டும். புத்தகங்களில் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைப் போடச் சொல்வார்கள். நம் புளித்த (அமிலத்தன்மையுள்ள) செம்மண்ணிலும் விடாத மழையிலும் அது நிற்பதில்லை. நான் இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் அழுகிப் போயிற்று. அதற்குப் பதிலாக முயல் மசால் போடுங்கள். பெயரே அதற்குத்தான் வைத்ததுபோல இருக்கும். சத்தில்லாத சரல் மண்ணிலும் படரும். வேலிமசால் கொஞ்சம் கவனிப்பு கேட்கும், ஆனால் வருடக்கணக்கில் வெட்டலாம்.

என்னுடைய உண்மையான நம்பிக்கை மரங்கள்மேல்தான். வேர் ஆழமாகப் போவதால் பங்குனியிலும் பச்சை தரும். மல்பெரி ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்கு நல்ல தழை. குச்சி ஊன்றினால் வரும், முயல் தண்டின் பட்டையையும் விடாமல் கடிக்கும். முருங்கை, அகத்தி, பலா இலை எல்லாம் உண்ணும். முருக்கு, அதாவது கல்யாண முருங்கை, அந்தக் காலத்தில் நல்லமிளகுக் கொடிக்குத் தாங்கலாக வீட்டுக்கு வீடு நின்றது. முயல் வளர்த்தவர்கள் அதை நம்பித்தான் வளர்த்தார்கள். இலையில் முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் குளவி வந்தபிறகு நிறைய மரங்கள் பட்டுப்போயின. தப்பித்து நிற்கும் மரம் உங்களிடம் இருந்தால் அதிலிருந்து கம்பு எடுத்து ஊன்றுங்கள்.

கிளைரிசிடியாவின் வாசம் முதலில் பிடிக்காது. முந்தின நாள் சாயங்காலமே வெட்டி வாடவிட்டுக் கொடுத்தால் பழகிவிடும். சூபாபுல் தழையைக் கொடுக்கலாம், ஆனால் மொத்தத் தழையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதில் உள்ள மைமோசின் என்ற நஞ்சு கூடினால் முடி கொட்டும். இவை தவிர வரப்போரம் வளரும் மூக்குத்திப்பூச் செடி, அருகம்புல், சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி)க் கொடி எல்லாம் அதற்குப் பலகாரம்.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி ஒன்றும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

எங்கள் வீட்டில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) நிறைய உண்டு. இலையைப் போடலாமா?

பச்சையாகப் போடவே கூடாது. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருடம், கிழங்கு பிடுங்கின அன்று இலை குவியலாகக் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று ஒரு கூடை அள்ளிக் கூண்டுகளில் போட்டேன். ஆசையாகத் தின்றன. மத்தியானம் போய்ப் பார்த்தால் மூன்று இளம் முயல்கள் தலையைப் பின்னால் வளைத்தபடி விறைத்துக் கிடந்தன. நாலாவது மூச்சுக்குத் திணறி என் மடியிலேயே போயிற்று.

மரச்சீனி இலை கசங்கும்போது அதில் சயனைடு உண்டாகிறது. இலையை நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் பெரும்பாலும் ஆவியாகப் போய்விடும். காய்ந்த இலையில் புரதம் நிறைய, கோடைக்கு நல்ல கையிருப்பு. மழைக்காலத்தில் காயவைக்க வழி இல்லையென்றால் ஆசைப்படாதீர்கள். இளஞ்சோளப் பயிருக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

ரப்பர் விளையில் வெட்டின புல், கொடி?

ரப்பர் இலையும் காயும் ஆகாது, அதிலும் சயனைடுச் சங்கதி உண்டு. இளம் ரப்பருக்கு இடையில் மூடாக்காகப் போடும் பியூரேரியாக் கொடி அருமையான தீவனம். அதேபோல மூடாக்காகப் போடும் முக்குணாக் கொடியை விட்டுவிடுங்கள். மழைக்கு முன்னால் ரப்பருக்குச் செம்பு கலந்த துரிசு மருந்து தெளித்திருந்தால் அடிப்புல்லிலும் விழுந்திருக்கும், நல்ல மழை பல பெய்து கழுவும்வரை அங்கே அரிவாள் வைக்காதீர்கள். வாழைத்தோட்டத்து வரப்பில் களைக்கொல்லி அடித்தார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். நாய் திரியும் ரோட்டோரப் புல்லும் வேண்டாம். நாயின் நாடாப்புழு முட்டை முயல் வயிற்றில் போய்க் கட்டி கட்டியாக நிற்கும்.

தீவனமே வாங்காமல் வெறும் தழையில் வளர்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்கு கலந்தது) சேர்த்துக் கொடுத்தால் என்னிடம் மூன்று, மூன்றரை மாதத்தில் இரண்டு கிலோ வருகிறது. தழை மட்டும் என்றால் ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு என்றால் அந்த ஒன்றரை மாதம் பெரிய விஷயமில்லை. விற்பனைக்கு என்றால் கூண்டு அவ்வளவு நாள் அடைந்து கிடக்கும்.

ஆனால் பால் கொடுக்கும் தாயைத் தழையில் மட்டும் விடாதீர்கள், இது என் உறுதியான கருத்து. அதன் வயிறு கொள்ளும் அளவுத் தழையில் அதற்கு வேண்டிய சத்து வராது. தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஈற்றில் படுத்துவிடும்.

நான் கலக்குவது, 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 25, கோதுமைத் தவிடு 30, தேங்காய்ப் பிண்ணாக்கு 25, கடலைப் பிண்ணாக்கு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 100 கிராம், வளரும் குட்டிக்கு 40, 50 கிராம். தேங்காய்ப் பிண்ணாக்கு பக்கத்துச் செக்கிலேயே கிடைப்பதுதான் நமக்குள்ள வசதி. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைத்தால் காறிவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் பார்த்தால் யோசிக்காமல் குழியில் போடுங்கள், ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

நம் ஊர் வெயிலை முயல் தாங்குமா?

முயல் சாவதில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நடப்பது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே விடும். 15 முதல் 25 டிகிரிக்குள் சுகமாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் தவிக்கும், 35-ல் உயிருக்கே ஆபத்து. நம் மாவட்டத்தில் வெயில் தூத்துக்குடி, திருநெல்வேலி அளவுக்கு ஏறாது. ஆனால் புழுக்கம் இருக்கிறதே, அது வெயிலைவிட மோசம்.

சித்திரை மத்தியானத்தில் கூண்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நன்றாக இருக்கும் முயல் காலை நீட்டி விலாவை அடியில் பரப்பிப் படுத்திருக்கும், மூக்கு மட்டும் வேகமாகத் துடிக்கும். தவிக்கும் முயலின் காதைத் தொட்டால் சுடும், உள்ளே நரம்பு ஒவ்வொன்றும் சிவந்து புடைத்துத் தெரியும். மூக்கைச் சுற்றி ஈரம். தலையைப் பின்னால் சாய்த்து வாயால் மூச்சு வாங்கினால் இன்னும் சில நிமிஷம்தான் இருக்கிறது. காதை இரண்டையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள், காற்றோட்டமான நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியில் செத்துவிடும்.

கொட்டகை அமைப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெறும் தகரக் கூரை அடுப்பு. தகரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மேலே தென்னங்கீற்றை முடைந்து போடுங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக, பக்கச்சுவர் இல்லாமல், பலா மரத்து நிழலில் அமைந்தால் அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். ஈரச்சாக்கு தொங்கவிடச் சொல்வார்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வீசும் உலர்ந்த காற்றுக்கு அது பலன் தரும். கடலோரத்திலும் மேற்கே எங்கள் பக்கத்திலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அதிகம் குளிராது. நான் பழைய பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துக் கூண்டுக்குள் போடுகிறேன். அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மண் ஓடு ஒன்றை நனைத்துப் போட்டாலும் அதன்மேல் ஏறிப் படுக்கும்.

தழையில் மூன்றில் இரண்டு பங்கை சாயங்காலம் போடுங்கள். முயல் ராத்திரிதான் தின்னும், பகல் சூட்டில் தின்றால் செரிக்கும் சூடும் சேரும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

ஆண் முயல் சூட்டில் சாகாமல் தப்பித்தாலும் விந்து கெட்டுவிடும். அது திரும்ப ஏழெட்டு வாரம் ஆகும். "வைகாசியில் சேர்த்தேன், ஒன்றும் பிடிக்கலை, பெண் முயல் மலடு" என்று விற்றுவிடுவார்கள். குற்றம் பங்குனி வெயிலில் வெந்த ஆணிடம் இருக்கும். கொட்டகையில் ஆகக் குளிர்ந்த மூலையை ஆணுக்குக் கொடுங்கள். நான் பங்குனி, சித்திரையில் சேர்ப்பதே இல்லை. தழையும் அப்போது குறைவு, இரண்டும் ஒத்துப்போகிறது.

மழையில் நனைந்த புல்லைப் போட்டால் கழிச்சல் வருமா?

தண்ணீரால் வருவதில்லை. நனைந்த புல்லைக் கட்டாகக் கட்டி வைத்தால் உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறிப் புளிக்கும். அதைத் தின்றால்தான் வயிறு உப்பும். வெட்டியதும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு நீர் வடியவிட்டுப் போடுங்கள். தழையைத் திடீரென்று மாற்றுவதும் அதே கேட்டைச் செய்யும், நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தரையில் போடாமல் கூண்டுச் சுவரில் சொருகி வைத்தால் மூத்திரம் படாது. குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் கொண்டுவரும் கிருமி ஈரப் புழுக்கையில்தான் பெருகுகிறது.

எந்த இனம் நல்லது?

நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட். கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் அரசு ஆராய்ச்சிப் பண்ணைகள் உண்டு. இரண்டும் குளிர்மலை. அங்கிருந்து கொண்டுவரும் முயலை மார்கழி, தையில் இறக்குங்கள், சித்திரையில் இறக்கினால் நிற்காது. என் விருப்பம், நம் மாவட்டத்திலேயே இரண்டு மூன்று தலைமுறை பழகிய கலப்புக் குட்டிகள். கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பிழைக்கும். ஆணை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வேறு பண்ணையிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சேர்ப்பது, குட்டி போடுவது எப்படி?

ஆறு மாதமான பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெண்ணிடம் கொண்டுவந்தால், பெண் தன் இடம் என்று கடித்துத் துரத்தும். சேர்ந்தவுடன் ஆண் ஒரு சத்தத்தோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும், வேலை முடிந்தது. சினை 31 நாள் கணக்கு. 27-ஆம் நாள் கூண்டுக்குள் குட்டி போடும் பெட்டி வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் நன்றாகக் காய்ந்த வாழைச்சருகைக் கிழித்துப் போடுங்கள். தேங்காய்த் தும்பு வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும்.

பெரும்பாலும் ராத்திரியில் ஈனும். அதற்கு முன்னால் தாய் தன் நெஞ்சு முடியை வாயால் பிடுங்கிப் பிடுங்கி சருகுக்கு மேல் மெத்தைபோல விரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நேரம் பக்கத்தில் நின்று மூச்சுவிடவே தயக்கமாக இருக்கும். காலையில் செத்த குட்டியை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள்.

கூண்டுக் கால்களைத் தண்ணீர் நிரப்பிய சிரட்டையில் நிறுத்துங்கள். எறும்பு ஒரே ராத்திரியில் ஒரு ஈற்றுக் குட்டிகளை முழுக்கத் தின்றுவிடும். எலி, சாரைப்பாம்பு, கீரி, மரநாய் எல்லாம் வரும். கம்பி வலையின் ஓட்டை அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

தாய் குட்டிப் பக்கமே போகவில்லை. பால் கொடுக்கவில்லையோ?

கொடுத்திருக்கும். முயல் நாளுக்கு ஒரு தடவை, மூன்று நாலு நிமிஷம்தான் பால் கொடுக்கும், அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக, தோலுக்குள் வெள்ளையாகப் பால் தெரிந்தால் கவலை இல்லை. சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் தாயைப் பெட்டிக்குள் வைத்து மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள், குட்டிகள் தேடிப் பிடித்துக் குடிக்கும். பத்து, பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். வீட்டுத் தழையில் வளர்ப்பதென்றால் 40 நாளுக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

காதில் பொருக்குப் பொருக்காக இருக்கிறது. முயலுக்கு மருந்து என்ன?

காதுச் சொறி. கண்ணுக்கு லேசில் தெரியாத சின்னப் பூச்சி. பொருக்கைப் பிய்க்காதீர்கள், வலி தாங்காது. தேங்காய் எண்ணெய் ஊறவிட்டால் இளகும். ஐவர்மெக்டின் ஊசியை எடை பார்த்து கால்நடை மருத்துவர் போடட்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். அதுவரை அறுக்கக்கூடாது, அதன்பிறகும் எத்தனை நாள் விட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மூக்கு, கால் விரலில் வரும் சொறி நமக்கும் ஒட்டும்.

ஒன்றை மட்டும் எழுதி கொட்டகையில் ஒட்டி வையுங்கள்: பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடாது. வயிற்றில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து கழிந்தே செத்துவிடும். வீட்டில் மீந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து முயலை இழந்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

"நாங்களே குட்டி தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார்களே?

நானும் அப்படி ஒரு இடத்தில்தான் தொடங்கினேன். முன்பணம் வாங்கினார்கள், பத்து முயல் தந்தார்கள். முதல் முறை வந்து வாங்கினார்கள், இரண்டாவது முறை விலையைக் குறைத்தார்கள், மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை. அறுபது முயலோடு தழை இல்லாமல் நின்றேன். அன்றைக்குப் போட்ட தழைக் கணக்குதான் இன்றும் நான் சொல்லிக்கொண்டிருப்பது.

விற்க உள்ளூரே போதும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நேரம் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் கேட்டு வருவார்கள், களியக்காவிளை தாண்டியும் போகும். 31 நாள் சினை, நாலு மாத வளர்ப்பு என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கிறிஸ்துமஸ் முயலுக்கு ஆடி முதல் வாரத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். உயிர் எடையில் பாதிக்குச் சற்று மேல் இறைச்சி நிற்கும்.

காட்டு முயலைப் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. அது வேறு விலங்கு, வீட்டு முயலோடு இனமும் சேராது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம்.

புழுக்கையை என்ன செய்வது?

விளைக்கே திருப்பிக் கொடுங்கள். மட்கக் காத்திருக்க வேண்டாம், நேராக நேப்பியர் தூரில் போடலாம், வேரைச் சுடாது. என் வீட்டில் மல்பெரி வரிசை கூண்டுகளுக்குப் பின்னாலேயே நிற்கிறது.

பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள். எப்படி அறுப்பது?

எங்கள் வீட்டிலும் அந்தக் கஷ்டம் இருந்தது. இப்போது தாய்க்கும் ஆணுக்கும் மட்டும்தான் பெயர். குட்டிகளுக்கு இல்லை, அது பிள்ளைகளே வைத்த ஏற்பாடு. அறுப்பதற்கு முந்தின ராத்திரி தழை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கிறேன். விடியும் முன், மற்ற முயல்கள் பார்க்காத இடத்துக்கு, காதைப் பிடித்துத் தூக்காமல் கையில் அணைத்துக் கொண்டுபோவேன். ஒரே நொடியில் முடிய வேண்டும். அதைப் படித்துக் கற்க முடியாது, தெரிந்தவரிடம் பக்கத்தில் நின்று நாலு தடவை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், அறுக்கும் முன் அதன் நெற்றியை ஒரு தடவை தடவுவார். நானும் தடவுகிறேன்.